உயிர்த்த ஞாயிறும் ஓலைச் சாயமும்

"வீட்டிலேயே எளிதாகச் செய்யலாம்" என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் பொய்யர்கள். அவர்கள் சொல்வது அவர்களுடைய வீட்டை. அந்த வீட்டில் நல்ல கத்தரிக்கோல் இருக்கும், பசை இருக்கும், எல்லா நிறத்திலும் தாள் இருக்கும். "சோத்துப்பானையை எங்கையடி கொண்டுபோறாய்?" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வருகிற அம்மா இருக்கமாட்டார். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. (கோபத்தில்தான் சொல்கிறேன். இத்தனை வருடமாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற விடவும் மாட்டேன்.)

நடந்த கதையை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எந்த விதமாகச் சொன்னாலும் குற்றவாளி நான்தான். மருமகன் முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது, அவர் தேத்தண்ணீரை வாயில் வைக்குமுன் அவருக்கும் சொல்லிவிட்டார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன். வாசித்துவிட்டு நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

அது கடைகளில் சாமான் இல்லாத காலம். பாண் ரொட்டிக்கு விடியவே வரிசையில் நிற்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து எதுவும் வரக்கூடாதென்று அரசாங்கம் மறித்து வைத்திருந்தது. நான் படிப்பை முடித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். வீட்டில் இருந்தேன் என்றால், கண் விழித்ததிலிருந்து அம்மாவிடம் பேச்சு வாங்கிக்கொண்டு இருந்தேன் என்று அர்த்தம். அப்பா கரைவலைக்குப் போகிறவர். வீட்டில் பேச்சுக்கு இடம் கிடைக்காது என்று தெரிந்து, கடலிலேயே பேசி முடித்துவிட்டு வருவார். மன்னார்த் தீவில், பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடையில் இருக்கிற எங்கள் ஊரில், படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு ஒரு வேலைதான் காத்திருந்தது. மீனை வெட்டி, உப்புப் போட்டு, வெயிலில் பரப்பி, காகத்தைக் கலைத்துக்கொண்டு கருவாட்டுக்குக் காவல் இருப்பது.

அந்த நேரம் பார்த்து எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் புதிதாக ஒரு சுவாமி, அதாவது பங்குக் குரு, மாற்றலாகி வந்தார். இளம் சுவாமி. உற்சாகம் தாங்க முடியாது. வந்த கையோடு, கோயில் வளவில் பாலர் பாடசாலை ஒன்று தொடங்கப் போவதாகப் பூசையில் அறிவித்தார். அதற்கு ஒரு ரீச்சர் வேண்டும். ஊரில் அதற்குத் தகுதியாக இருந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். மற்றது செலின். செலின் கோயில் மூப்பரின் மகள். மூப்பர் என்றால் கோயில் காரியங்களுக்குத் தலைவர். கோயில் திறப்புக்கொத்தும் அவரிடம், உண்டியலும் அவரிடம், சுவாமியின் காதும் அவரிடம். இதில் எங்கே நியாயம் இருக்கிறது என்று நான் அன்றே கேட்டேன்.

எனக்கு அந்த வேலை வேண்டும். சம்பளம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் காலையில் சீலை உடுத்து, குடை பிடித்து, மீன்வாடையில்லாமல் தெருவால் நடந்து போக வேண்டும். எதிரே வருகிற ஆண்கள் சைக்கிளை விட்டு இறங்கி, "ரீச்சர்" என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். இரவில் படுத்தால் அந்தச் சைக்கிள்கள்தான் கண்ணில் வந்தன. கிடைக்காவிட்டால் கருவாடு. வாழ்நாள் முழுக்கக் கருவாடு.

சுவாமி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"உயிர்த்த ஞாயிறுக்கு நீங்கள் ரெண்டு பேரும் கோயிலைச் சோடியுங்கோ. செலின் பீடத்துப் பக்கம். பிலோமினா, நீர் பிள்ளையள் நிக்கிற முன்பக்கம். சின்னப் பிள்ளையளுக்குக் கைவேலை பழக்கிறதுக்கு ஆரின்ரை கை நல்லதெண்டு பாப்பம்."

"ஓம் சுவாமி" என்றேன். அதுவரை நான் கையால் செய்த அலங்காரம் கொப்பிக்கு உறை போட்டது மட்டுந்தான்.

அந்தச் சமயத்தில்தான் அன்ரன் அண்ணை கதைக்குள்ளே வருகிறார். அன்ரன் அண்ணை என் பெரியப்பாவின் மகன். தலைமன்னார் இறங்குதுறையில் வேலை. இராமேஸ்வரக் கப்பலுக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் வாங்குப் பலகையில் விட்டுப்போகிற சாமான்களை அவர் வீணாக்குவதில்லை. அப்படி அகப்பட்ட ஓர் ஆங்கிலப் பத்திரிகையை எனக்குக் கொண்டுவந்து தந்தார். அட்டையில் மஞ்சள் தலைமயிர்ப் பெண் ஒருத்தி, பிள்ளைகளோடு மேசையில் இருந்து கடதாசிப் பூச் செய்துகொண்டிருந்தாள். உள்ளே வசந்த காலத்தை வரவேற்க வீட்டிலேயே செய்யக்கூடிய காகிதக் கைவேலைகள் பக்கம் பக்கமாக இருந்தன. நான் அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாக வாசித்தேன். பரீட்சைக்கு அப்படி வாசித்திருந்தால் இன்றைக்குக் கொழும்பில் ஒரு கந்தோரில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றிருப்பேன்.

முதலில் ஒன்றைக் கேட்கிறேன். வசந்த காலம் என்றால் என்ன? அவர்களுக்குப் பனி உருகுகிறதாம், மொட்டு அவிழ்கிறதாம், ஜன்னலைத் திறந்தால் குருவி பாடுகிறதாம். மன்னார்த் தீவில் எங்களுக்கு இரண்டே காலம், காற்று அடிக்கிற காலமும் காற்று அடிக்காத காலமும். உயிர்த்த ஞாயிறு வருவது காற்று அடிக்காத காலத்தில். மணல் கொதிக்கும். கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். கழுதைகள்கூட நடக்க மனமில்லாமல் தெருவின் நடுவில் நிற்கும். நான் ஜன்னலைத் திறந்தேன். பக்கத்து வீட்டுக் கருவாடு மணத்தது.

பத்திரிகையில் முதலாவது கைவேலை முயல். உயிர்த்த ஆண்டவருக்கும் முயலுக்கும் என்ன தொடர்பென்று எந்த ஞானோபதேச வகுப்பிலும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இருந்தாலும் செய்தேன். பழைய கலண்டர் மட்டையை வெட்டி, காது வைத்து, பஞ்சில் வால் ஒட்டி, அம்மாவிடம் காட்டினேன்.

"கழுதைக் குட்டி வடிவாய் வந்திருக்கு" என்றார் அம்மா.

இரண்டாவது, ஒட்டுப் புத்தகம். வசந்த காலத்து நினைவுகளை, காய்ந்த பூ, பட்டாம்பூச்சிப் படம், குடும்பப் படம் என்று தாளில் ஒட்டி அல்பமாக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் இருந்த ஒரேயொரு குடும்பப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, பூவரசம்பூவைக் காயவைத்துச் சுற்றிலும் ஒட்டினேன். கோதுமை மாவுக்கு எங்கே போவது? மரவள்ளி மாவில் பசை காய்ச்சினேன். காலையில் பார்த்தால் ஊர் எறும்பெல்லாம் அல்பத்துக்குள். பசையோடு சேர்த்து அப்பாவின் மீசையையும் அரித்துவிட்டன. படத்தைத் திரும்பக் கொழுவியபோது அப்பா கிட்ட வந்து பார்த்தார். பிறகு "பரவாயில்லை, இளமையாய்த்தான் கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனார்.

மூன்றாவதுதான் விஷயம். ஒரு பெரிய மரக்கொப்பை எடுத்து, அதில் நிறம் நிறமாகக் கடதாசிப் பூக்களை நெருக்கமாக வைத்து, மேசைக்கு மேலே தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். படத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கள் கோயில் முகடுதான் நினைவில் வந்தது. வெள்ளை உடுத்த பிள்ளைகளின் தலைக்கு மேலே, உயிர்த்த ஆண்டவரின் சுருவச் சிலைக்கு மேலே, அப்படியொரு பூமரம் தலைகீழாகப் பூத்து நின்றால் செலின் எங்கே, நான் எங்கே! நான் குடை பிடித்து நடந்து போவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

கொப்புக்குக் கஷ்டமில்லை. காய்ந்த உடைமரக் கொப்பு எங்கேயும் கிடக்கும். முள் நீளமானது. அதிலே பூவைக் குத்திவிட்டால் பசையும் தேவையில்லை, எறும்பும் வராது. கஷ்டம் தாளுக்குத்தான். நல்ல கிரேப் தாள் வேண்டும் என்று அன்ரன் அண்ணையிடம் கெஞ்சினேன்.

"கப்பல்லை வாற ஆக்களிட்டைச் சொல்லி எடுத்துத் தாறன். நீ யோசியாதை" என்றார்.

நான் யோசிக்கவில்லை. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவசு காலம் முழுக்க யோசிக்காமல் காத்திருந்தேன். இன்னும் ஒரு கிழமையே இருக்க, குருத்தோலை ஞாயிறன்று அன்ரன் அண்ணை வந்து, சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தந்தது ஒரு பிளாஸ்ரிக் சீப்பு.

"கிரேப் தாள் கிடைக்கேல்லை. இது நல்ல சீப்பு" என்றார்.

பழி சுமத்துவதென்றால் இங்கேயிருந்து தொடங்க வேண்டும். அன்ரன் அண்ணையை எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. அந்தச் சீப்பை அம்மா பல வருடம் பாவித்தார்.

மன்னார்ப் பசாருக்குப் போனேன். நிறத்தாள் எந்தக் கடையிலும் இல்லை. பட்டம் கட்டுகிற மெல்லிய வெள்ளைத் தாள் மட்டும் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு, பெட்டி இழைக்கிற பெண்கள் பனையோலைக்குப் போடும் சாயத்தை ஒரு கடையில் கேட்டேன். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், எல்லாம் தூளாக இருந்தன.

"கடதாசியிலை நிக்குமோ?" என்று கேட்டேன். கவனியுங்கள், கேட்டேன்! கேட்காமல் வாங்கினேன் என்று சொல்வது பச்சைப் பொய்.

கடை முதலாளி நெஞ்சில் கை வைத்தார். "தங்கச்சி, உயிர் போனாலும் இந்தச் சாயம் போகாது."

ஓலைக்குச் சாயம் காய்ச்சுகிறவர்கள் ஓலையையும் சேர்த்து அவிப்பார்கள். அதனால் சாயம் உள்ளே இறங்கிவிடும். கடதாசியை அவித்தால் கூழாகிவிடும் என்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. ஆகவே சாயத்தைக் காய்ச்சி, ஆறவைத்து, தாளை அதில் தோய்த்து, கருவாடு காயப்போடுகிற கொடியில் காயவிட்டேன். காய்ச்சியது அம்மாவின் சோற்றுப்பானையில். வேறு பானை இருந்ததா என்று கேட்பவர்கள் அந்தக் காலத்தில் எங்கள் குசினிக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

அம்மா பானையைக் கண்ட நேரம், ஆண்டவர் பாடுபட்ட பெரிய கிழமை. கோபிக்கக் கூடாது என்று தனக்குத்தானே நோன்பு வைத்திருந்தார்.

"தவசு காலம் எண்டபடியால் பேசாமல் இருக்கிறன்" என்று தொடங்கி நெடுநேரம் பேசினார். பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் கஞ்சி இளஞ்சிவப்பாக இருந்தது. அப்பா குடித்துவிட்டு நாக்கைக் கண்ணாடியில் பார்த்தார்.

பூக்கள் வடிவாக வந்தன. இதை மட்டும் எவரும் மறுக்க முடியாது. முதலில் செய்த சிலது சரிவரவில்லை என்று வேலிக்கு வெளியே எறிந்தேன். தெருக் கழுதை ஒன்று அவற்றைத் தின்றுவிட்டு, உதடு சிவந்து, வெற்றிலை போட்ட மாப்பிள்ளையாக ஊரெல்லாம் திரிந்தது. தெருவில் நின்ற எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஈரம் பட்டால் சாயம் இறங்குகிறது என்பதைக் கழுதை தன் வாயாலேயே காட்டிக்கொண்டு போக, நான் நின்று சிரித்தேன். எங்கள் இரண்டு பேரில் யாரைக் கழுதை என்று சொல்வது என்பதை உங்களிடமே விடுகிறேன்.

சனிக்கிழமை பின்னேரம் அன்ரன் அண்ணை கூரை வளைமரத்தில் ஏறி, தூண்டில் தங்கூசி நூலால் கொப்புகளைக் கட்டித் தொங்கவிட்டார். (சீப்புக்குப் பரிகாரமாக அந்த வேலையை வாங்கினேன்.) தங்கூசி கண்ணுக்குத் தெரியாது. பூமரம் ஆகாயத்தில் மிதந்தது. உள்ளே வந்த மூப்பர் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். மூப்பர் பேசாமல் போவதென்றால் அது பெரிய வெற்றி. பீடத்துப் பக்கம் செலின் வெள்ளைத் தாளைப் பின்னல் மாதிரி வெட்டி ஓரத்தில் ஒட்டியிருந்தாள். சுத்தமான வேலைதான். ஆனால் வெறும் வெள்ளை. "பாவம் செலின்" என்று நான் உண்மையாகவே இரங்கினேன்.

ஞாயிறு காலைப் பூசை. கோயில் நிரம்பி வழிந்தது. எங்கள் ஊரில் உயிர்த்த ஞாயிறு என்றால் எல்லோரும் வெள்ளைதான். சாமான் இல்லாத அந்தக் காலத்திலும் எப்படியோ துணி தேடித் தைத்திருந்தார்கள். முன்னால் சின்னப் பிள்ளைகள் வரிசையாக, வெள்ளைச் சட்டை, வெள்ளை ரிபன். அவர்களுக்கு மேலே என் பூமரம். உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்து, "ஆர் செய்தது?" என்று கேட்டார்கள். அம்மாகூட, "என்ரை மகள்" என்று இரண்டொருவருக்குச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அந்த வேலை என் கையில் விழுந்துவிட்டது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

இனி வருவதைக் கவனமாக வாசியுங்கள். பிழை இங்கேதான் இருக்கிறது. அது என்னுடையது அல்ல.

உயிர்த்த ஞாயிறு பூசையில் ஞானஸ்நான வார்த்தைப்பாட்டைப் புதுப்பித்தபின் சுவாமி சனங்கள் மேல் தீர்த்தம் தெளிப்பார். முந்தி இருந்த வயதான சுவாமி கண்ணுக்கு மருந்து விடுவதுபோல் விடுவார். முன்வரிசைக்கு மேல் ஒரு துளி போகாது. இதில் எங்கள் கடற்காரருக்கு எப்போதும் மனக்குறை. அன்றைய தீர்த்தம் உடம்பில் படாமல் கடலுக்குப் போனால் வலை வெறுமையாக வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே பின்னால் நிற்கிற ஆண்கள் வெட்கமில்லாமல் கூப்பிடுவார்கள்.

"சுவாமி, இஞ்சாலையும்!"

"சுவாமி, எங்களுக்குப் படேல்லை!"

புதிய சுவாமிக்கு ஒருவரையும் மனம் நோகச் செய்யத் தெரியாது. செம்பை வைத்துவிட்டு வாளி கேட்டார். தெளிகோலை வைத்துவிட்டு, போன ஞாயிற்றுக் குருத்தோலையை ஒரு பெரிய கட்டாக எடுத்தார். மூப்பர் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றார். சுவாமி ஓலைக்கட்டைத் தோய்த்து, கையை நன்றாகப் பின்னால் வளைத்து, வலை வீசுகிறமாதிரி மேலே வீசினார். தண்ணீர் பின்வரிசை வரைக்கும் போனது. ஆண்கள் சந்தோசத்தில் ஆரவாரித்தார்கள். சுவாமிக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது. தோய்த்துத் தோய்த்து வீசினார். ஒவ்வொரு வீச்சும் என் பூமரத்துக்குள்ளால் போய்க்கொண்டிருந்தது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, உயிர்த்த ஆண்டவரின் வெள்ளைச் சுருவத்தின் தோளில் சிவப்பாக ஒரு துளி விழுந்தது. அது மெல்ல நெஞ்சால் வழிந்து, ஆணிக்காயம் இருக்கிற கை வரைக்கும் வந்தது.

முன்னால் நின்ற அந்தோனியாக்கா அதைக் கண்டுவிட்டார். அந்தோனியாக்கா மீன் விற்கிறவர். அவர் பேசாலையில் விலை கூறினால் தலைமன்னாரில் கேட்கும்.

"ஐயோ ஆண்டவரே! இரத்தம்! புதுமை! புதுமை!"

அற்புதம் நடந்துவிட்டதென்று கோயில் முழுவதும் முழங்காலில் விழுந்தது. பெண்கள் அழுதார்கள். ஆண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். மூப்பர் வாளியை நிலத்தில் வைத்துவிட்டு, மணி அடிப்பதற்கு ஓட ஆயத்தமானார். சுவாமி குருத்தோலையோடு வாய் திறந்தபடி நின்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நானும் விழுந்து கும்பிட்டேன். என் கண்ணிலும் தண்ணீர். "ஆண்டவரே, எங்கள் ஊருக்கு வந்தீரே" என்று விக்கி விக்கி அழுதேன். (பூவைப் பற்றிய நினைவே எனக்கு வரவில்லை. சத்தியமாக வரவில்லை. இதைத்தான் என் வீட்டார் இன்றுவரை நம்புகிறார்கள் இல்லை. நம்பினால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள் என்பதால் நானும் வற்புறுத்துவதில்லை.)

மூப்பர் கதவுவரை போகவில்லை. அவருடைய மொட்டைத் தலையில் ஒரு துளி விழுந்து நெற்றியால் வழிந்தது. பச்சை.

அதற்குப் பிறகு சிவப்பு, மஞ்சள், நீலம் என்று எல்லாம் ஒன்றாக இறங்கத் தொடங்கின. தீர்த்தத்தில் ஊறிய பூக்கள் முள்ளிலிருந்து கழன்று, சொத் சொத்தென்று தலைகளில் விழுந்தன. "அம்மா, என்ரை சட்டை நீலம்!" என்று ஒரு சிறுமி கூவினாள். "எனக்கு மஞ்சள்!" என்றான் பக்கத்திலிருந்தவன். பிள்ளைகள் தாங்களாகவே கையை நீட்டி, சொட்டுக்குக் கீழே போய் நின்றார்கள். பெரியவர்கள் முழங்காலில் நின்றபடி ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரத்தம் சிவப்பாக வரலாம். பச்சையாக வருமா?

அப்போதுதான் அம்மா எழும்பினார்.

"எழும்புங்கோ எல்லாரும்! புதுமையுமில்லை கிதுமையுமில்லை! என்ரை சோத்துப்பானையிலை இவள் காய்ச்சின சாயம் இது!"

தவசு காலம் முடிந்துவிட்டது. நோன்பும் முடிந்துவிட்டது. அம்மா கையை நீட்டி என்னைக் காட்டினார். கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் இன்னும் முழங்காலில், கும்பிட்ட கையோடு, கண்ணீரோடு இருந்தேன். பெற்ற தாய் மகளைக் காட்டிக்கொடுப்பதற்கு உலகத்தில் எத்தனையோ இடம் இருக்கிறது. பூசை நடுவில், சுவாமியின் முன்னால், ஊர் முழுவதும் முழங்காலில் இருக்கும்போதா?

சுவாமி பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. மனமுடைந்து அழுகிறார் என்று நினைத்து நான் துடித்துப் போனேன். பீடத்தருகில் நின்ற செலின்தான் பிறகு சொன்னாள், அவர் குருத்தோலையை வாயில் கடித்துக்கொண்டு சிரித்தாராம்.

பூசை முடிந்து வெளியில் வந்தால், வளவு முழுவதும் வெள்ளை உடுத்து வந்த சனம் நிறம் நிறமாக நின்றது. தாய்மார் என்னைச் சூழ்ந்தார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் எழுத முடியாது, உயிர்த்த ஞாயிறன்று சொல்லக்கூடிய சொற்கள் அல்ல. மூப்பர் தலையைக் கழுவினார், தேய்த்தார், சாம்பல் போட்டார். பச்சை அசையவில்லை. கடதாசியில் நில்லாத சாயம் மூப்பரின் தலையில் நின்றது. உயிர் போனாலும் போகாது என்று முதலாளி அதைத்தான் சொன்னாராக்கும்.

நான் நேரே சுவாமியிடம் போனேன். பயமில்லை, கோபந்தான்.

"சுவாமி, தெளிக்கிறதெண்டால் தெளிக்கோணும். நீங்கள் தெளிக்கேல்லை, ஊத்தினியள்."

"ஓம் பிள்ளை, ஊத்தினனான்தான்" என்றார் சுவாமி. அவருடைய வெள்ளைப் பூசை உடுப்பில் ஒரு பக்கம் மஞ்சளாக இருந்தது. "உம்மிலை எனக்கு ஒரு கோவமுமில்லை. ஆனா தாய்மார் எல்லாரும் செலினைத்தான் கேக்கினம். உம்மட்டைப் பிள்ளையளை விடப் பயப்பிடினம். நான் என்ன செய்ய?"

அவ்வளவுதான். ஊற்றியவர் சுவாமி. சாயத்தை விற்றவர் முதலாளி. சீப்பைக் கொண்டுவந்தவர் அன்ரன் அண்ணை. மேசைக்கு மேலே தொங்கவிடு என்று படம் போட்ட பத்திரிகைக்காரி, தீர்த்தம் தெளிக்கிற இடத்தில் தொங்கவிடாதே என்று ஒரு வரி எழுதியிருந்தால் கை முறிந்தா போயிருக்கும்? வேலையை இழந்தவள் மட்டும் நான். வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த அழுகையில் கோபம் இல்லை. எனக்கு அந்த வேலை அவ்வளவு ஆசையாக இருந்தது. வேறு ஒன்றிலும் அப்படி ஆசை வைத்ததில்லை. அம்மா வந்து கதவைத் தட்டினார். பிறகு, "சாப்பிட வா. வேறை பானையிலை காய்ச்சினது" என்றார். அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த விதம் அதுதான்.

பாலர் பாடசாலை தொடங்கியது. செலின் குடை பிடித்துக்கொண்டு எங்கள் வாசலால் போனாள். நான் காகம் கலைத்தேன். சைக்கிள்களைப் பார்க்கக்கூடாது என்று முகத்தைக் கடல் பக்கம் திருப்பி வைத்திருந்தேன்.

கொஞ்ச நாள் போயிருக்கும். ஒருநாள் பத்து மணி வெயிலில் செலின் எங்கள் வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சீலை நனைந்திருந்தது. தலை குலைந்திருந்தது. கோபத்தில் மூச்சு வாங்கினாள். எனக்கு மட்டுந்தான் கோபிக்கத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"உன்ரை பிள்ளையளை நீயே வந்து பார்!" என்றாள்.

"என்ரை பிள்ளையளோ?"

"பின்னை ஆரின்ரை? பூ வெட்டுங்கோ எண்டு ஆளுக்கொரு தாள் குடுத்தனான். தண்ணிப்பானையைத் தூக்கி ஊத்திப்போட்டுப் பாத்துக்கொண்டிருக்குதுகள், நிறம் வருமாம்! வரேல்லை எண்டு இப்ப ஒப்பாரி. 'சாய அக்கா எங்கை, சாய அக்கா எங்கை' எண்டு நாள் முழுக்க ஒரே கேள்வி. எனக்கேலாது பிலோ. எனக்குச் சத்தமே ஏலாது. அப்பாவுக்காகத்தான் இந்த வேலையைக் கேட்டனான்."

நான் கையைக்கூடக் கழுவவில்லை. மீன் செதிலோடு ஓடினேன். கோயில் வளவில் சின்னதுகள் எல்லாம் நனைந்துபோய் நின்று குழறிக்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும் அழுகையை நிறுத்தின. முன்னால் நின்ற ஒருத்தி தன் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். அந்த ஞாயிற்றுச் சட்டை. தாய் எவ்வளவு துவைத்தும் நீலம் போகவில்லையாம். அது இப்போது பாடசாலைச் சட்டையாகிவிட்டது. அவளுடைய முகத்தில் அப்படியொரு பெருமை. அந்த ஊரில் என் வேலையை மதித்த முதல் ஆள் அவள்தான்.

செலின் கணக்கெழுதக் கோயில் கந்தோருக்குப் போனாள். சந்தோசமாகப் போனாள். தாய்மார் முணுமுணுத்தார்கள், ஆனால் பிள்ளைகள் வீட்டில் அடம்பிடித்ததால் அவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. நான் ரீச்சரானேன். சீலை உடுத்தேன், குடை பிடித்தேன். ஆண்கள் சைக்கிளை விட்டு இறங்கினார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

"சாய ரீச்சர், எங்கை பயணம்?"

பிலோமினா என்று எனக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் எங்கள் ஊரில் வீடு காட்டமாட்டார்கள். பல வருடங்களுக்குப் பிறகு, சண்டையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, மடு மாதா கோயில் வளவில் மரத்தின் கீழ் அகதியாகப் பெயர் பதிய வரிசையில் நின்றபோது, எங்கோ பின்னாலிருந்து ஒரு குரல், "ஐயோ, சாய ரீச்சரும் உயிரோடை நிக்கிறா!" என்றது. அழுதுகொண்டிருந்த சனம் சிரித்தது. அந்த ஒரு நாள் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

மற்ற நாளெல்லாம் வருகிறது. போன உயிர்த்த ஞாயிறன்றும் வந்தது. இப்போது எங்கள் கோயிலில் இருப்பவர் தூரத்து ஊரிலிருந்து மாற்றலாகி வந்த இளம் சுவாமி. எங்கள் கதை ஒன்றும் தெரியாதவர். வார்த்தைப்பாடு முடிந்து, தீர்த்தச் செம்பைக் கையில் எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், கோயிலில் இருந்த அத்தனை பேரும், தாயின் மடியில் கிடந்த குழந்தை உட்பட, முகத்தை நிமிர்த்தி முகட்டைப் பார்த்தார்கள். ஒவ்வொரு வருடமும் பார்க்கிறார்கள். அன்றைய பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கி, அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கி, இப்போது பலருக்குக் காரணமே தெரியாது. மேலே பார்த்த பிறகுதான் தீர்த்தத்துக்குத் தலை குனிவார்கள். நான் மட்டும் நேரே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூசை முடிந்ததும் சுவாமி வாசலுக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. நானும் செலினும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

"ரீச்சர், இப்பிடியொரு பக்தியை நான் வேறை ஒரு கோயில்லையும் காணேல்லை" என்றார். "தீர்த்தத்தைக் கையிலை எடுத்த உடனை எல்லாரும் ஒண்டாய் மோட்சத்தைப் பாக்கினம். எனக்குக் கண் கலங்கிப்போச்சு. இந்தச் சனத்துக்கு இதை ஆர் பழக்கினது?"

நான் வாயைத் திறக்குமுன் செலின் முந்திக்கொண்டாள்.

"இவதான் சுவாமி. ஒரே பூசையிலை பழக்கினவ."